நவம்பரில் வாசிக்க வேண்டியவள்

"படிக்கிறதுல ஒண்ணும் தப்பில்ல, குயா. இப்பப் படிக்கிறதுதான் தப்பு."

"அப்ப எப்பப் படிக்கணும், மாம்?"

"நவம்பர்ல."

"இது ஜூன் மாசம்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

தோமெங் தலையாட்டினான். எங்கள் ஊரில் அண்ணன் வயது ஆணைக் 'குயா' என்போம். அவன் உட்கார்ந்திருந்தது மழலையர் வகுப்பின் சிவப்பு நாற்காலி. முழங்கால்கள் மோவாயைத் தொட்டுக்கொண்டிருந்தன. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதன் எதையும் மறுத்துப் பேச முடியாது. சாந்தா பெலிசா தொடக்கப் பள்ளியில் பெற்றோரை எப்போதும் அதில்தான் உட்கார வைத்தார்கள். எதிரே பெரிய நாற்காலியில் இருந்த ஆசிரியை கிளிசெல், மஞ்சள் அட்டையில் ஓர் எழுத்தைக் கத்தரித்துக்கொண்டே பேசினார். அவர் காலடியில் கத்தரித்த எழுத்துகள் ஒரு கூடை நிறைய இருந்தன.

குற்றம் அன்று காலையில்தான் நடந்திருந்தது. வகுப்பில் ஆரம்பப் பரிசோதனை. குழந்தைகளை ஒவ்வொருவராக மேசைக்கு அழைத்து, தாளைக் காட்டி, இது என்ன எழுத்து என்று கேட்க வேண்டும். குழந்தை விழிக்க வேண்டும். 'வாசிக்கத் தெரியாது' என்ற கட்டத்தில் ஆசிரியை குறியிட வேண்டும். எல்லாக் குழந்தைகளும் அழகாக விழித்தார்கள். ஒரு பையன் கேள்வியைக் கேட்டதுமே நின்ற இடத்தில் ஒன்றுக்குப் போய்விட்டான். அதுவும் விழித்ததாகவே கொள்ளப்பட்டது. தோமெங்கின் ஐந்து வயது மகள் ரைஸா மே மட்டும் தாளைக் கையில் வாங்கி, மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். எழுத்துகளை வாசித்தாள், சொற்களை வாசித்தாள், குட்டிக் கதையை வாசித்தாள். அதற்கும் கீழே பொடியாக அச்சிட்டிருந்த 'இது ஆசிரியர் பார்வைக்கு மட்டும், குழந்தைக்கு எந்த உதவியும் செய்யக் கூடாது' என்பதையும் விடாமல் வாசித்தாள். பிறகு ஆசிரியையின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக்கு வந்துவிட்டாள்.

"யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார் கிளிசெல்.

"யாரும் இல்ல, மாம். அவங்கம்மா பெட்டிக்கடை வச்சிருக்கா. ஷாம்பு, காபித்தூள், சோப்புத்தூள்னு பாக்கெட்டு பாக்கெட்டாத் தொங்குதுல்ல, அதையெல்லாம் அண்ணாந்து பாத்துப் பாத்து அவளா..."

"பாத்தீங்களா. கவனிப்பில்லாம விட்டா இப்படித்தான் ஆகும்."

கதவு திறந்தது. முதலில் வாசனைத் திரவியமும், அதன் பின்னால் தலைமையாசிரியை பெர்பெதுவாவும் உள்ளே வந்தார்கள். கல்வி நிர்வாகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்பதால் ஊரில் அவரை டாக்டர் என்றே அழைத்தார்கள். ஜலதோஷத்துக்கு மருந்து கேட்டுப் போனவர்களும் உண்டு. அவர் தோமெங்கின் தோளில் கை வைத்தார்.

"குயா தோமெங், ஒருத்தன் மலை ஏறுறதப் படம் புடிக்கணும். அவன எங்க நிறுத்துவீங்க?"

"அடிவாரத்துல, டாக்டர்."

"உங்க பொண்ணு உச்சியில போய் உக்காந்துக்கிட்டு இருக்கா. நான் எப்படிப் படம் புடிக்கிறது, சொல்லுங்க."

தோமெங் நாற்காலியில் நெளிந்தான். டாக்டர் தொடர்ந்தார்.

"நம்ம 'விடியல் வாசகர்' திட்டம் வாசிப்பை அளக்கிறதில்ல. முன்னேற்றத்தை அளக்குது. போன வருஷம் ஆத்துக்கு அந்தாண்ட இருக்கிற பள்ளிக்கூடம் கேடயம் வாங்கிச்சு. ஏன்? அவங்க பிள்ளைங்களுக்கு ஜூன்ல ஒண்ணுமே தெரியல. அப்படி ஒரு சுத்தம். பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம். நம்ம பிள்ளைங்க என்னடான்னா அங்க ரெண்டு எழுத்து, இங்க ரெண்டு எழுத்துன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு மானத்த வாங்கிட்டாங்க. இந்த வருஷம் எல்லாரும் சுழியத்துல ஆரம்பிக்கிறோம். எல்லாரும்."

"அப்ப ரைஸா?"

"வாசிப்புங்கிறது பள்ளிக்கூடமும் வீடும் கை கோத்துச் செய்யற வேலை. நாங்க இங்க எங்களால ஆனதைப் பாத்துக்கிறோம், ஒரு பிள்ளையும் வாசிக்காது. நீங்க வீட்டுல பாத்துக்கணும். எழுத்து அவ கண்ணுல படக் கூடாது. பட்டாலும் வாயில வரக் கூடாது. நவம்பர்ல விழா. அன்னிக்கு நாங்களே மேடையில ஏத்தி வாசிக்க வைப்போம்."

"முடியலன்னா, டாக்டர்?"

"முடியலன்னா அவ திட்டத்துக்கு வெளிய. வெளிய இருக்கிறவ மார்ச்ல பட்டமளிப்பு விழாவுல அங்கி தொப்பி போட்டுக்கிட்டு எப்படி நடப்பா?"

எங்கள் ஊரில் கழிப்பறை இல்லாத வீடு உண்டு. கருப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் போட்டு, கையில் சுருட்டிய காகிதத்துடன் நிற்கும் ஐந்து வயதுக் குழந்தையின் படம் மாட்டாத வீடு கிடையாது. பெரியவனாகி அந்தக் குழந்தை மீன் சந்தையில் பெட்டி தூக்கினாலும் படம் சுவரில் இருக்கும். தோமெங்கின் வீட்டில் அதற்கான ஆணி அடித்தாகிவிட்டது.

"பாத்துக்கிறேன், டாக்டர்" என்று அவன் நாற்காலியிலிருந்து எழுந்தான். நாற்காலியும் கூடவே எழுந்தது. கிளிசெல் அதைப் பிடித்து இழுத்து விடுவித்தார்.

*

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் அவன் மனைவி ரோஸ்வி, கடைக் கம்பிவலைக்குப் பின்னாலிருந்து.

"அவ நல்லா வாசிக்கணும்னா நாமளும் வீட்டுல உதவணுமாம்."

"அதுக்கென்ன, உதவிட்டாப் போச்சு."

"அதுக்கு அவ வாசிக்கக் கூடாதாம்."

ரோஸ்வி அவன் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்துப் பார்த்தாள். நாற்றம் எதுவும் இல்லை. அது அவளுக்கு இன்னும் கவலையாக இருந்தது.

"பொண்ணு கண்ணு தெரியாமப் போகணும்னு மாதா கோயில்ல மெழுகுவர்த்தி ஏத்தச் சொல்லலையா?"

"நவம்பர் வரைக்கும்தான், ரோஸ்வி. படிச்சவங்க சொல்றாங்க. நமக்கென்ன தெரியும்."

"எனக்கு ஒண்ணு தெரியும். நீ அந்தச் சின்ன நாற்காலியில உக்காந்துட்டு வந்திருக்க."

ஆனால் ஆணி அவள் கையால் அடித்தது. அன்று மாலையே அவள் கடையில் தொங்கிய பாக்கெட் சரங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். பின்பக்கத்தில் இன்னும் அதிகமாக எழுதியிருந்தது. ரைஸா மே கழுத்தை வளைத்து, "கண்ணில் பட்டால் உடனே நீரால் கழுவவும்" என்று வாசித்தாள். தோமெங் பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து சரக்கு முழுவதையும் மூடினான். அதன் பிறகு ரோஸ்வி விரிப்புக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்துதான் வியாபாரம் செய்தாள். மறு வாரம் எதிர்வீட்டு அலிங் பச்சிங் கஞ்சிக்கென்று வாங்கிப்போன மசாலாத் தூளைப் போட்டுக் கிளறக் கிளற, கஞ்சி நுரைத்துப் பானையை விட்டு வெளியே வந்து அடுப்பை அணைத்தது.

"என் புருஷன் ரெண்டு கிண்ணம் குடிச்சுட்டாரு, ரோஸ்வி" என்றாள் அலிங் பச்சிங்.

"ஐயோ, எப்படி இருக்காரு?"

"வாசனையா இருக்காரு."

மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போவது தோமெங்கின் வேலை. அவனிடம் ஒரு ட்ரைசிக்கிள் இருந்தது. பக்கவாட்டில் தகரப் பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள். பெரிய சாலையில் போனால் பல் டாக்டர், அடகுக்கடை, கோழி வறுவல், சவப்பெட்டிக் கடை என்று இரண்டு பக்கமும் எழுத்துகள். ரைஸா மே பெட்டிக்குள்ளிருந்து எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டே போவாள். 'எளிய தவணையில் நிம்மதியான உறக்கம்' என்ற சவப்பெட்டிக் கடைப் பலகை அவளுக்கு மிகவும் பிடித்தது. இப்போது அவன் வயல்களைச் சுற்றிக்கொண்டு, வரப்பை ஒட்டிய மண் பாதையில் போனான். இரண்டு மடங்கு தூரம். அங்கே எழுத்தே கிடையாது என்று நினைத்திருந்தான். முதல் நாளே பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"என்றும் உங்கள் சேவையில்."

நிறுத்திப் பார்த்தான். நெல்லுக்கு நடுவில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை நின்றிருந்தது. தேர்தல் சமயத்தில் இலவசமாகக் கொடுத்த பனியனை அதற்கு மாட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் குருவிகள்கூட அதை நம்புவதில்லை.

"கண்ணு, ஒரு விளையாட்டு விளையாடலாமா?" என்றான் தோமெங். "எழுத்தப் பாத்ததும் வாய மூடிக்கணும். யாரு நல்லா மூடிக்கிறாங்கன்னு பாப்போம்."

"மூடிக்கிட்டா மனசுக்குள்ள வருதே, பா."

"மனசுக்குள்ளயும் மூடிக்க."

அவள் உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டாள். கண்களை இறுக மூடினாள். எதையும் முழு மனதோடு செய்கிற குழந்தை அவள். அவள் விஷயத்தில் நேர்ந்த துயரமே அதுதான்.

*

பள்ளியில் வேலை மும்முரமாக நடந்தது. வகுப்பின் ஒரு மூலையில் 'வாசிப்பு மூலை' எழுப்பினார்கள். பச்சைக் கம்பளம், தொங்கும் காகித மேகங்கள், நடுவே பூட்டிய கண்ணாடி அலமாரி. அலமாரியில் நன்கொடையாக வந்த புத்தகங்கள். கை படாதிருக்க ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை. சாவி தலைமையாசிரியையின் கைப்பையில். தினமும் காலையில் குழந்தைகள் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, அலமாரிக்கு முன்னால் உட்கார வேண்டும். அந்த நேரத்துக்கு 'புத்தகத்துடன் பழகுதல்' என்று பெயர். கீழ்த் தட்டில் ஒரு நண்டு, விளக்கைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்குவதுபோல் அட்டை போட்ட புத்தகம் இருந்தது. ரைஸா மே அதற்கு நேரெதிரே இடம் பிடித்துக்கொள்வாள். நண்டின் பெயர் என்னவென்று அட்டையில் எழுதியிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

செப்டம்பரில் திட்டத்தின் சரிபார்ப்புக் குழு வீடு பார்க்க வந்தது. ஒரு வேன் நிறைய ஆட்கள், எல்லோரும் ஒரே நிறச் சட்டை. தலைவர் சார் எமெதெரியோ, நிறையப் பைகள் வைத்த அங்கி ஒன்றை மேலே மாட்டியிருந்தார். எல்லாப் பைகளும் காலியாக இருந்தன.

"நாங்க ரெண்டு படம் எடுக்கணும்" என்றார் அவர். "ஒண்ணு திட்டத்துக்கு முன்னாடி. இன்னொண்ணு பின்னாடி. முன்னாடிப் படத்துல வீட்டுல ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது. இருண்ட வீடு."

"முன்னாடிங்கிறது ஜூன்லதானே, சார்?" என்றாள் ரோஸ்வி. "இப்ப செப்டம்பர்."

"ஜூன்ல வேனுக்கு டீசல் வரல."

குழுவினர் வீட்டைச் சோதனை போட்டார்கள். இரும்புக்கடை கொடுத்த நாட்காட்டி போனது. அரிசி மூட்டை திருப்பி வைக்கப்பட்டது. மண்ணெண்ணெய் டப்பா, மாத்திரை அட்டை, பிஸ்கெட் தகரம் எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளப்பட்டன. சுவரில் இயேசுவின் படத்துக்குக் கீழே ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் துண்டு போட்டு மறைத்தார்கள். கடைசியாகச் சார் எமெதெரியோ தோமெங்கின் நெஞ்சைப் பார்த்தார். பனியனில் ஒரு நகர மன்ற உறுப்பினர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வேற போட்டுக்கிட்டு வாங்க."

தோமெங் உள்ளே போய் வேறு போட்டுக்கொண்டு வந்தான். அதில் துணை மேயர்.

"வேற."

அடுத்ததில் தோற்றுப்போன வேட்பாளர். தோமெங்கிடம் இருந்த எல்லாமே தேர்தல் பனியன்கள். அவன் வேட்பாளரை உள்புறமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டான். மூவரையும் வெறும் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் சோகமா. அறியாமையில இருக்கீங்க, ஞாபகம் வச்சுக்கங்க. அம்மா, நீங்க ஏன் முறைக்கிறீங்க?"

"இதுதான் சார் என் அறியாமை" என்றாள் ரோஸ்வி.

முன்படம் முடிந்ததும் திட்டத்தின் மஞ்சள் சட்டைகளைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். நாட்காட்டியை மறுபடி மாட்டினார்கள். பிறகு வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளிலும் அதன் பெயரை எழுதி ஒட்டினார்கள். கதவில் 'கதவு', ஜன்னலில் 'ஜன்னல்', மின்விசிறியில் 'மின்விசிறி'. நாய் இரண்டு தடவை தப்பித்து, மூன்றாம் தடவை 'நாய்' ஆனது. ரோஸ்வியின் முதுகில் யாரோ 'அம்மா' என்று ஒட்டிவிட்டுப் போனதை அவள் மாலையில் குளிக்கப் போனபோதுதான் கண்டுபிடித்தாள்.

வேனிலிருந்து ஒரு புத்தகம் இறங்கியது. அதே நண்டு. பிளாஸ்டிக் உறையோடு அதை ரைஸா மேயின் மடியில் வைத்தார்கள். அவள் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். காதுவரை சிவந்துவிட்டாள்.

"சார், உள்ள பாக்கலாமா?"

"அட்டை கேமராவுக்குத் தெரியணும், பாப்பா. நிமித்திப் பிடி. நிமிந்து பாரு. சிரி. வாசிப்பின் மகிழ்ச்சி."

படம் எடுத்ததும் புத்தகம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே குழந்தையே இல்லை. ஆனால் வீடு வெளிச்சமாக இருந்ததாம்.

*

அக்டோபரில் ஒரு மதியம், ரோஸ்வி கடை விரிப்பைக் கொஞ்சம் தூக்கி, புதிதாக வந்த பாக்கெட் ஒன்றை மகளிடம் நீட்டினாள்.

"ரைஸா, இது என்னதுடி?"

குழந்தை பார்த்தாள்.

"செவப்பு."

"செவப்புதான். என்ன எழுதியிருக்கு?"

"செவப்புல எழுதியிருக்கு."

அவள் உதடுகளை மடிக்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. ஜூன் மாதத்தில் எழுத்தைப் பார்த்ததும் அவள் பட்ட அவஸ்தை எதுவும் இப்போது இல்லை. பாக்கெட்டைப் பார்த்த பார்வை, கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுவதைப் பார்க்கிற பார்வை. ரோஸ்வி விரிப்பை அப்படியே பிடித்து இழுத்துத் தரையில் போட்டாள். சரங்கள் ஆடின. அவ்வளவு எழுத்துகளும் மகளின் முகத்துக்கு நேரே ஆடின. குழந்தை நாயோடு விளையாடப் போய்விட்டாள்.

தோமெங் சவாரி முடிந்து வந்தபோது ரோஸ்வி அவனைத் திட்டவில்லை. "போய்க் கேட்டுட்டு வா" என்று மட்டும் சொன்னாள். அவன் வந்த வழியே திரும்பிப் பள்ளிக்குப் போனான். கிளிசெல் கூடைகளுக்கு நடுவே கத்தரித்துக்கொண்டிருந்தார். விரல்களில் துணி சுற்றியிருந்தார். தோமெங் சின்ன நாற்காலியைப் பார்த்துவிட்டு, நின்றுகொண்டே பேசினான்.

"மாம், இனிமே அவள வாசிக்க விட்டுடட்டுமா? மறந்துட்டாளோன்னு பயமா இருக்கு."

"மறந்துட்டாளா? நெசமாவா?" கிளிசெல்லின் முகத்தில் ஒரு கணம் நிம்மதி தெரிந்தது. பிறகு அவருக்கே அது கூச்சமாகிவிட்டது போலும், கத்தரியைக் கீழே வைத்தார். "குயா, உண்மையச் சொல்லட்டுமா. எனக்கு வாசிக்கச் சொல்லிக் குடுக்கத்தான் ஆசை. அதுக்குத்தான் படிச்சேன். இங்க வந்த நாள்லேர்ந்து எழுத்து வெட்டிக்கிட்டு இருக்கேன். விழாப் பந்தலுக்கு, நுழைவாயிலுக்கு, டாக்டரோட நாற்காலிக்குப் பின்னாடி. பிள்ளைங்களுக்கு எழுத்து காட்ட நேரமே இல்ல."

"அப்ப நவம்பர்ல அவங்கல்லாம் எப்படி வாசிப்பாங்க, மாம்?"

"புள்ளிவிவரம் ஏற்கெனவே அனுப்பியாச்சு. நூத்துக்கு நூறு." அவர் குரலைத் தாழ்த்தினார். "அதான் உங்க பொண்ணு ஒருத்திய மேடையில ஏத்துறோம். நெசமா வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளை அவ ஒருத்திதான்."

"இப்பத் தெரியலையே."

"ஒரு வாரம் முன்னாடி ஆரம்பிங்க. அதுக்கு முன்னாடி வேணாம், மறுபடியும் வேவு பாக்க ஆள் வருவாங்க. பச்சக் குழந்தை, ஒரு வாரத்துல திரும்ப வந்துடும்."

விழா நவம்பர் தொடக்கத்தில் என்றார்கள். பிறகு மாவட்டக் கல்விக் கண்காணிப்பாளர் வாசிப்பு பற்றிய மாநாட்டுக்காக ஒரு தீவுக் கடற்கரைக்குப் போய்விட்டதால் மாதக் கடைசிக்குத் தள்ளினார்கள். பிறகு ஒரே இரவில் சொல்லியனுப்பி, நாளைக் காலையே என்றார்கள். ஒரு வாரம் என்பது எப்போது வந்து எப்போது போனது என்று தோமெங்குக்குத் தெரியவில்லை.

*

காலையில் ஊர்வலம். பேண்டு வாத்தியம், அலங்கரித்த லாரி, அதன் மேல் அட்டையால் செய்த ராட்சசப் புத்தகம். புத்தகத்துக்குள் பக்கங்களுக்குப் பதிலாக நகர மன்ற உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மைதானத்தில் எல்லோருக்கும் நூடுல்ஸ் பொட்டலமும் அரிசிப் பணியாரமும் தந்தார்கள். பிரார்த்தனை, தேசிய கீதம், மாகாண கீதம், திட்டத்தின் கீதம், திட்டத்தின் நடனம் எல்லாம் முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கண்காணிப்பாளர் டாக்டர் ஹெர்மோஹெனெஸ் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"சின்ன வயசுல நான் ரொம்ப வாசிப்பேன். கிடைச்சதெல்லாம் வாசிப்பேன். அதனாலதான் இந்தப் பதவிக்கு வந்தேன். இந்தப் பதவிக்கு வந்த பிறகு எனக்கு வாசிக்க நேரமே கிடைக்கல. இதுலேர்ந்து என்ன தெரியுது, குழந்தைகளே? நல்லா வாசிச்சா, வாசிக்கவே தேவையில்லாத உயரத்துக்குப் போகலாம்."

கைத்தட்டல் அடங்கக் கொஞ்ச நேரமானது.

"என் மேசைக்கு உங்க பள்ளிக்கூடத்து அறிக்கை வந்துச்சு. நான் அதப் பிரிக்கல. தூக்கிப் பாத்தேன். கனமா இருந்துச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன், கேடயம் இவங்களுக்குத்தான்னு."

பிறகு ரைஸா மேயை மேடைக்கு அழைத்தார்கள். மஞ்சள் சட்டை, தோளில் பட்டை, தலையில் காகிதக் கிரீடம். "ஜூன் மாதம் ஒரே ஓர் எழுத்தைக்கூட அறியாதிருந்த குழந்தை" என்று அறிவித்தார் தலைமையாசிரியை. கைப்பையிலிருந்து சாவியை எடுத்து உயர்த்திக் காட்டினார். அலமாரியையே மேடைக்குத் தூக்கிவந்திருந்தார்கள். ரிப்பன் வெட்டி, பூட்டுத் திறந்து, நண்டுப் புத்தகத்தை எடுத்து, எல்லோர் முன்பும் அதன் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார்கள். முதல் பக்கத்தைத் திறந்து குழந்தையின் கையில் கொடுத்தார்கள். ஒலிபெருக்கியை அவள் உயரத்துக்கு இறக்கினார்கள்.

ரைஸா மே பக்கத்தைப் பார்த்தாள்.

மைதானம் காத்திருந்தது. ஒலிபெருக்கி மெல்ல ஊளையிட்டது. தோமெங் கூட்டத்தின் முன்வரிசையில், மறுபடியும் ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் உதடுகள் அசைந்தன. அவள் உதடுகள் அசையவில்லை. கிளிசெல் மேடையோரமாக மண்டியிட்டு, "இப்ப வாசிக்கலாம், கண்ணு. இப்ப வாசிக்கணும்" என்று கிசுகிசுத்தார். குழந்தை அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பிடிவாதம் இல்லை. கேள்வியும் இல்லை. கண்காணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தலைமையாசிரியை பெர்பெதுவா ஒலிபெருக்கியை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மரியாதைக்குரிய விருந்தினர்களே, நீங்க இப்பப் பாத்துக்கிட்டு இருக்கிறது மௌன வாசிப்பு."

முதலில் மேடையிலிருந்த பாதிரியார் கைதட்டினார். பிறகு எல்லோரும்.

"சத்தம் போட்டு வாசிக்கிறது ஆரம்ப நிலை. உதடு அசைச்சு வாசிக்கிறது நடு நிலை. உதடே அசையாம வாசிக்கிறது முதிர்ந்த நிலை. அஞ்சு மாசத்துல நம்ம குழந்தை அங்க வந்துட்டா."

"இப்ப எந்த இடத்துல இருக்கா?" என்று கேட்டார் கண்காணிப்பாளர், நெகிழ்ந்துபோய்.

"முடிக்கப் போறா, சார்."

"பக்கத்தத் திருப்பவே இல்லையே."

"அவ்வளவு ஆழமா வாசிக்கிறா, சார்."

கண்காணிப்பாளர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேண்டு வாத்தியம் முழங்கியது. கேடயம் கை மாறும்போது ரைஸா மேயை நடுவில் நிறுத்தினார்கள். கேடயம் பெரிதாக இருந்ததால் படத்தில் அவள் காகிதக் கிரீடம் மட்டும் விழுந்தது. கிளிசெல் கைதட்டவில்லை. விரல்களில் துணி சுற்றியிருந்ததால் என்று எல்லோரும் நினைத்தோம். நண்டுப் புத்தகம் அலமாரிக்குத் திரும்பியது. உறை கிழிந்துவிட்டதால், அதை இனிமேல் குழந்தைகள் பக்கத்தில் வைக்கக் கூடாதென்று மேல் தட்டுக்கு மாற்றினார்கள்.

"நல்லபடியா முடிஞ்சுது, குயா" என்றார் தலைமையாசிரியை போகிற போக்கில். "மார்ச்ல அங்கி அளவு எடுக்க வரச் சொல்லுங்க. உங்க ஒத்துழைப்பு இல்லன்னா இது நடந்திருக்காது."

அதுதான் அவர் அந்த வருடம் சொன்ன ஒரே உண்மை.

*

அடுத்த வாரம் தோமெங் மகளோடு பெரிய சாலையில் போனான். வயல் பாதை இனிமேல் தேவையில்லை. பல் டாக்டர் போனார், அடகுக்கடை போனது, கோழி வறுவல் போனது. பெட்டிக்குள் அவளுக்குப் பக்கத்தில் சந்தைக்குப் போய்வந்த அலிங் பச்சிங் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை காலை ஆட்டிக்கொண்டு, மீன்களின் கண்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பள்ளி வாசலின் குறுக்கே ஒரு பெரிய விளம்பரத் துணி கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் கண்காணிப்பாளர், மறுபக்கம் தலைமையாசிரியை, மேலே வரிசையாக நகர மன்றம் முழுவதும். ஒவ்வொரு முகமும் வண்டிச் சக்கரம் அளவு. கீழ் மூலையில், ஒரு பன் ரொட்டி அளவுக்கு, ரைஸா மேயின் முகம். அதன் கீழே எழுத்துகள்.

தோமெங் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"என்ன தோமெங், பெட்ரோல் இல்லையா?" என்றாள் அலிங் பச்சிங். "வெயில்ல மீன் போயிடும்பா."

"ஒரு நிமிஷம், அலிங் பச்சிங்."

அவன் இறங்கி வந்து பெட்டியோரம் குனிந்தான். "கண்ணு, மேல பாரு. அந்த மூலையில யாரு?"

"நான்" என்றாள் ரைஸா மே.

"கீழ ஏதோ போட்டிருக்காங்க, பாரு."

அவள் பார்த்தாள். துணி காற்றில் உப்பி, தணிந்தது. பின்னால் வந்த ட்ரைசிக்கிள்காரன் ஹாரன் அடித்தான், திட்டினான், சுற்றிக்கொண்டு போனான். தோமெங் கையை நீட்டி இயந்திரத்தை அணைத்தான். சட்டென்று தெருவில் சத்தம் குறைந்தது. அலிங் பச்சிங் மீன் கூடையை நிழல் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"விளையாட்டு முடிஞ்சுது, கண்ணு. யாரும் வந்து கேக்க மாட்டாங்க. படம் எடுக்கிற ஆளும் இல்ல" என்றான் அவன். "எல்லாம் வேணாம். உன் பேர மட்டும் வாசி. அப்பாவுக்கு மட்டும் கேக்குற மாதிரி, மெதுவா."